தேங்காய்க்கடை குமாரதாஸ் தலை குனிந்த விதம்

குமாரதாஸுக்குக் கண்ணில் கோளாறு என்பது கொட்டாரம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகுதான் குமாரதாஸுக்குத் தெரிந்தது.

முதலில் தெரிந்துகொண்டவர்கள் நிழல் தாங்கலுக்கு வருகிறவர்கள். அய்யாவழிக்காரர்களின் சின்ன வழிபாட்டு இடம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை குமாரதாஸுடையது. பாட்டுப் படிப்பு முடிந்ததும் வரிசையாக வந்து நிற்பவர்களின் நெற்றியில், புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி, தீபச் சுடர் போல ஒரே இழுப்பில் வெள்ளை நாமம் இடுவார். ஆவணி மாதம் முதல் அந்தச் சுடர் காற்றில் ஆடத் தொடங்கியது. அனில்குமாருக்கு இடது புருவத்தில் தொடங்கிக் காதுப் பக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்து நந்தனா டீச்சருக்கு மூக்கு நுனியிலிருந்தே புறப்பட்டது. நல்ல மனிதர், மனம் நோகக்கூடாது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் மூக்கில் நாமத்தோடு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரி, "இது புது மாதிரியா இருக்கே, எந்த ஊரு வழக்கம்?" என்று கேட்டபோது, "எங்க ஊரு வழக்கந்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறரைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லும் இந்த மாதிரிப் பதிலுக்கு அய்யாவின் கணக்கில் என்ன பெயரோ தெரியாது. பொய் என்று நிச்சயம் இருக்காது.

அடுத்தது ஒட்டடை. கூடத்து உத்தரத்தில் ஒட்டடை தொங்குகிறது என்று குமாரதாஸ் ஒரு நாள் காலையில் சத்தம் போட்டார். அவர் மனைவி அன்னக்கிளி கம்பை எடுத்துக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தாள். உத்தரம் கழுவிவிட்டது போல இருந்தது.

"எங்க இருக்கு?"

"அன்னா அங்க, கறுப்பா ஆடுதுல்லா. பக்கத்துலயே இன்னொண்ணு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஏட்டி, நீ மொதல்ல ஒன் கண்ண டாக்டர்கிட்ட காட்டு" என்று அவர் கம்பைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் ஒட்டடையும் கூடவே வந்தது. கூடத்தில் துரத்தினார், அடுக்களையில் துரத்தினார், முற்றத்தில் இறங்கி வெறும் வானத்தில் கம்பை வீசினார். அடுத்த வீட்டு லீமா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "காக்காயா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்துவிட்டார்.

கடைசியில் விஷயத்தை உடைத்தது முகம்மது ஹனீபாவின் தலை. ஹனீபா கோட்டாற்றுக்காரர். குமாரதாஸின் தேங்காயை லாரியில் ஏற்றி அனுப்பும் பழைய வியாபாரக் கூட்டாளி. அன்று வெயிலில் வந்த களைப்பில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் உரித்த தேங்காய்க் குவியலின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குமாரதாஸ் வழக்கம்போல விரல் முட்டியால் ஒவ்வொரு தேங்காயாகத் தட்டிக்கொண்டே வந்து, ஹனீபாவின் வழுக்கையையும் இரண்டு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்ல முத்தல்" என்றார்.

"முத்தல்தான் அண்ணாச்சி" என்றார் ஹனீபா, அசையாமல். "ஆனா இது விக்கிறதுக்கு இல்ல. சட்டையப் போடும், இப்பமே கண்ணாசுபத்திரிக்குப் போவோம்."

அன்னக்கிளியையும் கூட்டிக்கொண்டு போன நாகர்கோவில் கண் மருத்துவமனையில் டாக்டர் சபிதா என்ற இளம்பெண் சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தாள். இடது கண்ணில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, நிழலும் வெளிச்சமும்தான் மிச்சம் என்றாள். புரையாக இருக்கும், சவத்த விடு என்று குமாரதாஸ் தள்ளிப்போட்ட கண் அது. வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"சுகர் எத்தனை வருசமா அண்ணாச்சி?"

"எனக்குச் சுகர் கிடையாது" என்றார் குமாரதாஸ்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாள். பிறகு அன்னக்கிளியைப் பார்த்தாள். அன்னக்கிளி மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"செரி, உங்களுக்கு இல்ல. உங்க கண்ணுக்கு இருக்கு" என்று டாக்டர் சொன்னாள். "கண்ணுக்குப் பின்னால, உள்சுவர்ல, விழித்திரைன்னு ஒரு சவ்வு உண்டு. சுகர் கூடினா அதுக்கு ரத்தம் ஒழுங்காப் போய்ச் சேராது. அதனால அதுவே புதுசு புதுசா ரத்தக்குழாய் வளத்துக்கிடும். மதில்ல ஏறுற காட்டுக்கொடி மாதிரி. பலம் கிடையாது, சும்மா உடைஞ்சு ரத்தம் கசியும். அதுதான் உங்க ஒட்டடை. அந்தக் கொடி இப்ப விழித்திரையவே சுவர்லேர்ந்து பிச்சு இழுக்கு. ஆப்பரேசன் பண்ணி, உள்ள நுங்கு மாதிரி இருக்கிற பொருள ரத்தத்தோட எடுத்துட்டு, கொடிய வெட்டிட்டு, லேசர் வச்சு, விழித்திரையத் திரும்ப ஒட்டணும். ஒட்டினது விலகாம இருக்க உள்ள கேஸ் நிரப்புவோம்."

"அடுப்புக்கு வைக்கிற கேஸா?" என்றாள் அன்னக்கிளி.

"இல்லக்கா, இது வேற. குமிழி மாதிரி நிக்கும். குமிழி எப்பவும் மேலதானே போவும்? அண்ணாச்சி தரையைப் பாத்துக் குனிஞ்சிருந்தா, கண்ணோட பின்சுவர் மேல வரும். குமிழி போய் அதை அமுக்கிப் பிடிச்சுக்கிடும். சுவர்ல ஒட்டின போஸ்டர் காயறவரைக்கும் உள்ளங்கையால பிடிக்க மாட்டோமா, அது மாதிரி. பத்து நாள் தலை குனிஞ்சே இருக்கணும். திங்கும்போதும், நடக்கும்போதும், உறங்கும்போதும். அப்புறம் கேஸ் கரையற வரைக்கும் மலை ஏறக்கூடாது, பிளேன்ல போகக்கூடாது."

திருநெல்வேலிக்கு அப்பால் போயிராத குமாரதாஸுக்கு, பிளேனில் போகக்கூடாது என்று ஒருவர் கண்டித்துச் சொன்னதில் ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் மற்றது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"டாக்டரே, கண்ண வெட்டுங்க, குத்துங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க. தலை குனியறது மட்டும் நடக்காது. நாங்க சாமியக் கும்பிடும்போதே தலைப்பாகை கட்டி நிமிந்து நிக்கிற ஆளுங்க. ஒருத்தனுக்கும் குனியாதேன்னு எங்களுக்கு அய்யா தந்த தலையாக்கும் இது."

ஹனீபாதான் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, நாங்க ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் நெத்தி தரையில படக் குனியிறோம். மனுசனுக்கா குனியிறோம்? கண்ணு ஆண்டவன் தந்ததாக்கும். அதுக்காகக் குனிஞ்சா கணக்கு அங்கதான் போவும்."

குமாரதாஸ் அன்று சாயங்காலம் தாங்கலுக்குப் போனார். தலைப்பாகையை ஒழுங்காகக் கட்டி, சிலைக்குப் பதிலாக அங்கே வைத்திருக்கும் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, பத்து நாளைக்கு மட்டும் லீவு கேட்டார். கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த முகம் மறுப்புச் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் அன்னக்கிளிக்கு ஒரு கட்டளை போட்டார்.

"ஒன் தம்பிக்கு மட்டும் தெரியப்படாது. கேட்டியா? யாரும் கேட்டா, தேங்கா வெல பாக்கப் பொள்ளாச்சிக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

அன்னக்கிளியின் தம்பி சுயம்பு துபாயிலிருந்து வந்து, அதே ரோட்டில் பெயிண்டும் குழாய்ச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருக்கிறான். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் பாயசம் விளம்பினது அவன்தான். வாளியோடு பந்தியில் வந்தவன் குமாரதாஸின் இலையைத் தாண்டிப் போனான். "ஏலே, இஞ்ச விடலியே" என்று இவர் கூப்பிட, "அத்தானுக்குச் சுகர் உண்டுல்லா, வேண்டாம்" என்று அவன் பந்தி முழுவதும் கேட்கச் சொன்னான். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அவனுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. குமாரதாஸ் இலையை விட்டு எழுந்து, வாளியைப் பிடுங்கி, நின்றபடியே அண்ணாந்து குடித்தார். மீசையில் பாயசம் வடிய, "கன்னியாகுமரியில சூரியன் மேக்க உதிச்சாலும் நான் ஒன் முன்னால தலை குனிய மாட்டேன்லே" என்று சபதமும் செய்தார். குனியச் சொல்லி அவன் கேட்கவே இல்லை என்பது பந்தியில் இருந்த பலருக்கும் தோன்றியது.

அன்றிலிருந்து சுயம்புவின் கடையைத் தாண்டும்போதெல்லாம் குமாரதாஸின் தாடை வானத்தைப் பார்த்து ஏறிவிடும். அந்த மும்முரத்தில் பக்கத்துக் கடையில் தொங்கும் வாழைக்குலையில் பல தடவை இடித்துக்கொண்டிருக்கிறார். போகும் விருந்துகளிலெல்லாம், செய்தி போய்ச் சேரட்டும் என்று, இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மாத்திரை தொடவில்லை. மாத்திரை தின்றால் சுயம்பு சொன்னது சரி என்று ஆகிவிடுமே. கோபத்தைத் தின்கிறவன் அதோடு வேறு எதைத் தின்கிறோம் என்று பார்ப்பதில்லை.

ஆப்பரேசன் ஒழுங்காக முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. டாக்டர் சபிதா உதவியாளரிடம் மெல்லப் பேசிக்கொண்டே கொடியை நறுக்குவது மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணுக்குள் ஒரு பெரிய வட்டக் குமிழி ஆடியது. அதற்கு அப்பால் உலகம் கலங்கிய தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருந்தது. மூக்குக்கு நேராகக் கொண்டுவந்த கைரேகை மட்டும் ஆச்சரியமாகத் தெளிவாய்த் தெரிந்தது.

"கேஸ் இருக்கும்போது ரொம்பக் கிட்டத்துல உள்ளது மட்டும்தான் தெரியும்" என்றாள் டாக்டர். "தலையத் தூக்கிராதீங்க. தூக்கினா விழித்திரை திரும்பக் கழறும். இன்னொரு தடவ இந்தக் கண்ணு தாங்காது."

கறுப்புக் கண்ணாடி, தலையில் முகத்தை மறைக்கும் துண்டு, தாடை நெஞ்சில் ஒட்டியபடி குமாரதாஸ் ஊருக்கு வந்தார். கிளீட்டஸின் ஆட்டோ தெருமுனையில் நின்றுவிட்டது.

"குடிதண்ணிக் குழா போட ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கானுவோ அக்கா. இதுக்கு மேல வண்டி போவாது" என்றான் கிளீட்டஸ்.

அன்னக்கிளி கணவனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பாதி வழியில் குறுக்கே பள்ளம்.

"இஞ்சயே நில்லுங்க. பலகை ஏதும் கெடக்கான்னு பாத்துட்டு வாறேன். தலையத் தூக்கினீங்கன்னா கொன்னுருவேன்."

குமாரதாஸ் நின்றார். காலடியில் செம்மண் கலங்கலாகத் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு சிமெண்டுப் படி. யாருடைய படி என்று அவருக்குத் தெரியாது. இரண்டு கைகளும் முன்னால் கோத்திருக்க, தலை நெஞ்சில் பதிந்திருக்க, அவர் அந்தப் படிக்கு முன்னால் அசையாமல் நின்றார். உள்ளே ஒரு பெயிண்ட் டின் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

அன்னக்கிளி பலகையோடு ஓடி வந்தபோதுதான் எந்தக் கடை முன்னால் அவரை நிறுத்திவிட்டுப் போனோம் என்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை குமாரதாஸ் நாற்காலியில் முன்னால் குனிந்து, சாப்பாட்டு மேசையின் விளிம்பில் தலையணை வைத்து, நெற்றியை அதில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"அத்தான்!"

அந்தக் குரல் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. கொட்டாரத்திலேயே பெரிய குரல்.

"என் கடை முன்னால வந்து, ஊரு பாக்கத் தலை குனிஞ்சு நின்னுட்டுப் போறீங்க. ஒரு வார்த்த பேசல. நான் பெயிண்டத் தட்டிப் போட்டுட்டு நிக்கேன், காலு நகரல. ஆறு வருசம் அத்தான்! நானும் ஒரு மடையன். வயசுல மூத்த ஆளு, நீங்க வந்து குனியணுமா? அன்னைக்கு ஒரு கரண்டி இல்லன்னு சொன்னேன். இன்னா, ஒரு தூக்குவாளி. அடப்பிரதமன் பாயசம். நானே கிண்டினேன்."

குமாரதாஸின் காதுகள் சூடாயின. உனக்கா குனிஞ்சேன்? உனக்கா? அந்தக் கேள்வி வயிற்றிலிருந்து கிளம்பிக் கழுத்து நரம்பு வழியாக ஏறியது. தலையணையிலிருந்து நெற்றி லேசாக எழும்பியது.

அந்த நேரத்தில் தூக்குவாளி மேசையில் உட்கார்ந்தது, சுயம்புவின் இரண்டு கைகளும் அவர் தாடைக்கடியில் வந்தன. கீழே கிடக்கிறவனைத் தூக்கிவிடுவதுதான் தர்மம் என்று தாங்கலில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் அவன். தலை குனிந்து கிடக்கும் அத்தானைக் கண்டால் சும்மா இருப்பானா?

"நிமிருங்க அத்தான்! நீங்க குனியப்படாது! நிமிருங்க!"

"ஏலே, விடு! விடுலே!"

"விட மாட்டேன்! நம்ம குடும்பத்துல ஒருத்தரு குனியறதா?"

அடுக்களையிலிருந்து அன்னக்கிளி ஓடி வந்து, இரண்டு கைகளாலும் கணவனின் பிடரியை அமுக்கினாள். கீழிருந்து தம்பி தூக்கினான், மேலிருந்து அக்கா அமுக்கினாள். நடுவில் குமாரதாஸின் தலை உரலில் மாட்டிய தேங்காய் போல நசுங்கியது.

"அக்கா, நீ என்ன பண்ணுத? மனுசன் குனிஞ்சது போதாதுன்னு இன்னும் அமுக்குதியே! ஒனக்கு நெஞ்சில ஈரமே கெடையாதா?"

"எடுலே கைய, மூதி! கண்ணு ஆப்பரேசன்லே! தலையத் தூக்கினா கண்ணு போயிரும்!"

சுயம்புவின் கைகள் சட்டென்று விலகின. முழங்கை இடித்துத் தூக்குவாளி மேசையிலிருந்து சரிந்து, மூடி தெறித்து, அடைப்பிரதமன் முழுவதும் தரையில் பரவியது. சரியாகக் குமாரதாஸின் முகத்துக்கு நேர் கீழே வந்து குளமாக நின்றது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சுக்கும் ஏலமும் சேர்ந்த வாசனை ஆவியாக அவர் மூக்குக்குள் ஏறியது. முகத்தைத் திருப்ப வழியில்லை.

அன்னக்கிளி எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டடை, ஹனீபாவின் தலை, நுங்கு, கேஸ், பத்து நாள். கடைசியில் சுயம்பு கேட்டான். அவனுக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

"அப்போ, எனக்காகக் குனியல?"

குமாரதாஸ் பாயசக் குளத்தைப் பார்த்தார். பொய் சொல்வது எளிதாக இருந்தது. ஆமா மக்கா, உனக்குத்தான் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் கும்பிட்டு லீவு வாங்கியது பொய் சொல்வதற்கு அல்ல.

"இல்ல. டாக்டர் குனியச் சொன்னா. அதான்."

குளத்துக்கு அப்பால், கலங்கலாக, இரண்டு பாதங்கள் திரும்புவது தெரிந்தது. குதிகால்கள் தெரிந்தன. அவை வாசல் பக்கம் மெல்ல நகர்ந்தன.

ஒரு மனிதன் திரும்பிப் போவதை அவன் குதிகாலை மட்டும் வைத்துப் பார்ப்பது பெரிய கஷ்டம் என்று குமாரதாஸுக்குத் தோன்றியது. முகமாக இருந்தால் முறைக்கலாம். குதிகாலை என்ன செய்ய முடியும்? வெடித்து, சுண்ணாம்பு படிந்து, பாவம் போல இருந்தது.

"நில்லுலே" என்றார்.

குதிகால்கள் நின்றன.

"அன்னைக்கு நீ சொன்னது நெசம். எனக்குச் சுகர் உண்டு. அப்பவே உண்டு. ஒன்னோட வாசி பிடிச்சு, வீம்புக்குத் தின்னு தின்னு ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணும் போவப் பாத்துது. இத ஒன் மொகத்தப் பாத்துச் சொல்லணும். இப்ப முடியாது. பத்து நாளு கழிச்சு வா, சொல்லுதேன்."

"பத்து நாளா?"

"அப்பத்தான் தலையத் தூக்கலாம்."

சுயம்பு திரும்பி வந்தான். பிறகு குமாரதாஸின் பார்வைக்குள் முழங்கால்கள் வந்தன, வயிறு வந்தது. அன்னக்கிளி "ஏலே, பாயசம்! பாயசம்!" என்று கத்தக் கத்த, அவன் லாரிக்கடியில் புகும் மெக்கானிக் மாதிரி மல்லாந்து படுத்து, சளக் என்ற சத்தத்தோடு அடைப்பிரதமனில் வழுக்கிக்கொண்டு மேசைக்கடியில் வந்து சேர்ந்தான். புதுச் சட்டை. வெள்ளைச் சட்டை.

"இப்பச் சொல்லுங்க" என்றான்.

"தெரியலலே. ரொம்பக் கிட்ட வந்தாத்தான் தெரியும்."

அவன் கழுத்தை எக்கித் தலையைத் தூக்கினான். இன்னும் தூக்கினான். மூக்கோடு மூக்கு இடிக்கும் நிலை வந்ததும், குமிழிக்குள்ளிருந்து ஒரு முகம் திடீரென்று தெளிந்தது. அகலமான மூக்கு. இரண்டு கண்ணிலும் தண்ணீர். காது மடலில் பாயசத்து அடைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"மீச நரச்சுப் போச்சேலே" என்றார் குமாரதாஸ்.

"வருசம் ஆறாச்சுல்லா அத்தான்."

சொல்ல வைத்திருந்ததை அவர் மறந்துவிட்டார். அவனும் கேட்கவில்லை. அவன் காதிலிருந்த அடைத் துண்டை அவர் இரண்டு விரலால் எடுத்தார். அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அன்னக்கிளி பறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சுயம்பு கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். முந்தின இரவு குமாரதாஸ் சரியாக உறங்கவில்லை. தலையணையில் குப்புறப் படுத்தால் மூச்சு முட்டியது. திரும்பிவிடக்கூடாதே என்று அன்னக்கிளி பக்கத்தில் உட்கார்ந்தே விடிய வைத்திருந்தாள். சுயம்பு பெஞ்சுப் பலகையின் நுனியில் நாலு ஓட்டை போட்டு, பெட்டியிலிருந்த சாமானை வெளியே நீட்டி நிற்கும்படி முடுக்கி, அக்காவின் பழைய சேலையைச் சுற்றி மெத்தென்று ஆக்கினான்.

"இதுல மொகத்த வச்சுப் படுங்க அத்தான். மூக்கும் வாயும் வெளிய நிக்கும்."

குமாரதாஸ் படுத்தார். நெற்றியும் தாடையும் கச்சிதமாகப் பொருந்தின. மூச்சு தாராளமாக வந்தது. கையால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு சந்தேகம் வந்தது.

"இது என்னதுலே?"

"வட்டமா ஒரு சாமான் அத்தான்."

"சுயம்பு."

"புதுசாக்கும். பெட்டி கூட ஒடைக்காதது. நல்ல கம்பெனி."

"சுயம்பு, இது கக்கூஸ் இருக்கையா?"

அடுக்களையில் அன்னக்கிளி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். குமாரதாஸ் நெடுநேரம் யோசித்தார். அய்யா தலைப்பாகை கட்டச் சொன்ன தலை. ஆனால் ஆறு வருடம் பேசாத ஒருவன், கடை திறந்ததும் முதல் வேலையாக, தன் அத்தானின் மூக்குக்கு மூச்சு வேண்டுமே என்று நினைத்திருக்கிறான். அப்படி நினைத்து வந்த எதுவும் அசுத்தம் ஆகாது.

"கொள்ளாம்" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பத்து நாளும் சுயம்பு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, பெஞ்சுக்கடியில் பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டான். பேப்பர் வாசித்தான். துபாய்க் கதை சொன்னான். குமாரதாஸ் சிரிப்பு மிஞ்சித் தலையை ஆட்டும்போதெல்லாம் "பைய, பைய" என்று கீழிருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பார்க்க வந்தவர்களும் அதையே வழக்கமாக்கினார்கள். ஹனீபா தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்து, "அண்ணாச்சி, தட்டிராதீரும்" என்றார். நந்தனா டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு படுத்து, ஞாயிற்றுக்கிழமை நாமத்தை வேறொருவர் இட்டதாகவும், அவ்வளவு நன்றாக இல்லை என்றும் சொன்னாள். கூடத்துக்குள் வந்ததும் தரையில் படுப்பது எதற்கு என்று புதிதாக வந்த யாராவது கேட்டால், அன்னக்கிளி பாயைக் காட்டி, "அங்கன எடம் இருக்கு" என்பாள். குமாரதாஸ் தலையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய காரணம் எதுவும் வரவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் கீழேதான் இருந்தார்கள்.

குறித்த நாளில் டாக்டர் சபிதாவின் அறைக்குள் இரண்டு ஆண்கள் தரையைப் பார்த்தபடி வந்தார்கள். பின்னால் அன்னக்கிளி. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆப்பரேசன் பண்ணினது ஒருத்தருக்குத்தானே?"

"இவருக்குக் கண்ணு. எனக்குக் கழுத்து" என்றான் சுயம்பு. "பத்து நாளா எக்கி எக்கிப் பேசி உளுக்கிப் போச்சு. நிமிர முடியல."

டாக்டர் குமாரதாஸை உட்கார வைத்து, கண்ணுக்குள் விளக்கடித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அன்னக்கிளி அய்யாவின் பேரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சுயம்பு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒட்டிருச்சா டாக்டரே?" என்று கேட்டுவிட்டான். அவன் குரல் வராந்தா வரைக்கும் போனது.

"ஒட்டியிருக்கு" என்றாள் டாக்டர். "அழகா ஒட்டியிருக்கு. பழைய மாதிரி முழுசும் வராது. ஆனா நடமாடலாம், வேலையப் பாக்கலாம். குமிழி கரைய இன்னும் நாளாகும். கண்ணுக்குள்ள அது மேலதான் நிக்கும், ஆனா உங்க பார்வைக்குக் கீழ கிடக்கிற மாதிரித் தெரியும். மாத்திரை ஒழுங்காத் தின்னணும். அதுக்கு யாரு பொறுப்பு?"

சுயம்பு குனிந்தபடியே கையைத் தூக்கினான்.

"இனி நிமிரலாம் அண்ணாச்சி."

குமாரதாஸ் உடனே நிமிரவில்லை. ஒரு தடவை மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல, கனமான மூட்டையைத் தூக்குவது போல, தலையைத் தூக்கினார். குமிழி சரிந்து பார்வையின் அடியில் போய், தளும்பும் ஒரு கோடாக நின்றது. அந்தக் கோட்டுக்கு மேலே, கொஞ்சம் மங்கலாக, ஒரு ஜன்னல் இருந்தது. வெள்ளைக் கோட்டு இருந்தது. அன்னக்கிளியின் முகம் இருந்தது. அவள் அழுவது போலவும் இருந்தது, சிரிப்பது போலவும் இருந்தது. எது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் பார்வை இன்னும் வரவில்லை. அவள் பக்கத்தில் ஓர் உச்சந்தலை.

"ஏலே, நீ எதுக்கு என் முன்னால குனிஞ்சு நிக்கே?"

"களியாக்கிச் சிரிக்காதீங்க அத்தான். வலி உயிரு போவுது."

மூவரும் வெளியே வந்தார்கள். வாசலில் படிகள் இறங்கின. அதற்கு அப்பால் வண்டிகளும் ஆட்களுமாக நாகர்கோவில் இரைந்துகொண்டிருந்தது.

"படி தெரியுதா அத்தான்?"

"அடியில குமிழி கெடந்து ஆடுது, படி தெரியல. மேல உள்ளதுதான் தெரியுது. ஒனக்கு?"

"எனக்குப் படி மட்டும்தான் தெரியுது."

"அப்போ நீ படியப் பாத்துச் சொல்லு மக்கா" என்று குமாரதாஸ் அவன் தோளில் கை போட்டார். "எதுக்க வாற ஆளுவள நான் பாத்துக்கிடுதேன்."